மஞ்சப்பையும் ஒத்தப் பேப்பரும்: தனியா இருக்குற ஒரு பெரிம்மாவோட ஆஸ்பத்திரி காகிதங்கள் பத்தி ஒரு நிகழ்வு ஆய்வு

கேஸ் இதுதான். வயசு 74, கொருக்குப்பேட்டை பக்கம் பழைய வீடு ஒண்ணுல கீழ் போர்ஷன், வீட்டுக்காரர் தவறி ஏழு வருஷம் ஆச்சு, பையன் பஹ்ரைன்ல, பொண்ணு ஓசூர்ல. பிபி, சுகர் ரெண்டும் இருக்கு, ஒரு கண்ணுல புரை எடுத்தாச்சு, பித்தப்பை ஆபரேஷன் எப்பவோ ஆயிருக்கு. சமையல், கடை, கோயில், ரேஷன் எல்லாம் அவங்களேதான். எனக்கு பெரிம்மா முறை. பேரு போடல, "எழுதணும்னா எழுதிக்க, என் பேர போட்டு வெச்சிடாத, அப்புறம் மாவு மில்லுல போயி நிக்க முடியாது"ன்னு முன்னாடியே சொல்லிட்டாங்க.

நான் டாக்டர் இல்ல. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில இன்ஷூரன்ஸ் டெஸ்க்ல உக்காந்து தெனம் மத்தவங்க காகிதத்த பொறட்டுற வேல. அதனால கீழ மாத்திரை பத்தி வர்றதெல்லாம் அவங்கள பாத்த டாக்டருங்க சொன்னது, இத படிச்சிட்டு யாரும் வீட்டுல இருக்குற மாத்திரைய நிறுத்தறது கூட்டறதுன்னு எறங்கிடாதீங்க. நான் பேசப்போறது காகிதம் பத்தி மட்டும்தான், அதுவும் ஒரே ஒரு விஷயம்: தனியா இருக்குறவங்களுக்கு இந்தக் காகிதமெல்லாம் பத்திரப்படுத்தறதுக்காக இல்ல, அவங்களால பேச முடியாத நேரத்துல அவங்களுக்காக பேசறதுக்கு. பத்திரமா வெச்சிருக்காங்களான்னு பாத்தா பெரிம்மா மாதிரி பத்திரமா வெச்சவங்க கெடையாது, ஆனா தேவப்பட்ட அன்னிக்கு அதுல ஒரு காகிதம் கூட வாயத் தொறக்கல.

அன்னிக்கு ராத்திரி

ரெண்டு மணி இருக்கும். பாத்ரூம் போக எழுந்தவங்க தல சுத்தி வாசப்படி கிட்ட சரிஞ்சி உக்காந்துட்டாங்க. அடி பெருசா இல்ல. மேல் போர்ஷன்ல இருக்குற அண்ணி சத்தம் கேட்டு எறங்கி வந்து பாத்தா பேச்சு ஒரு மாதிரி மசமசன்னு இருக்கு, கேக்குறதுக்கும் சொல்றதுக்கும் சம்பந்தமில்ல, "கேஸ் சிலிண்டர் வந்துடுச்சா"ன்னு திரும்பத் திரும்ப கேக்குறாங்க. 108-க்கு போன் பண்ணி அரசு ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனாங்க. போற அவசரத்துல அண்ணி புத்திசாலித்தனமா ஒரு வேல பண்ணாங்க, பீரோ பக்கத்துல ஆணில தொங்குன மஞ்சப்பைய அப்படியே தூக்கிட்டு வந்துட்டாங்க, ஏன்னா பெரிம்மா எப்ப ஆஸ்பத்திரிக்கு கெளம்புனாலும் அந்தப் பையோடதான் கெளம்புவாங்கன்னு அவங்களுக்குத் தெரியும்.

கேஷுவால்டில டூட்டி டாக்டர் கேட்டது மூணே கேள்வி. என்ன வியாதி இருக்கு, இப்ப என்னென்ன மாத்திரை போடுறாங்க, எதாவது மருந்து ஒத்துக்காதா. அந்தப் பொண்ணு சின்ன வயசு, ராத்திரி டூட்டி, சுத்தி ஏகப்பட்ட கேஸ், அப்பயும் பொறுமையா பைய வாங்கி ஸ்டூல் மேல கவுத்துப் பாத்துச்சு. காகிதம் காகிதமா வருது, கடைசி மாத்திரை சீட்டு எதுன்னு தெரியல. நான் போயி சேர்றதுக்குள்ள ரத்தம் எடுத்து அனுப்பிட்டாங்க. சோடியம் 121-ன்னு வந்துச்சு, சாதாரணமா 135-ல இருந்து 145 இருக்கணும். நம்ம பக்கம் "உப்பு கொறைஞ்சிடுச்சு"ன்னு சொல்வாங்களே, அதேதான். வயசானவங்களுக்கு உப்பு கொறைஞ்சா புத்தி தடுமாறும், நடை தள்ளாடும், ஸ்ட்ரோக்கோன்னு கூட சந்தேகம் வரும், அதுக்காக தலைக்கு ஸ்கேனும் எடுத்தாங்க, அது நல்லபடியா இருந்துச்சு.

உப்பு ஏன் கொறைஞ்சுதுன்னு கண்டுபிடிக்கத்தான் மாத்திரை விவரம் வேணும். அது பையில இல்ல.

பையில என்ன இருந்துச்சு

இத கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா உங்க வீட்டு பெரியவங்க பையும் அனேகமா இதே மாதிரிதான் இருக்கும். அட்மிஷன் போட்ட மறுநாள் வார்டு வராண்டாவுல உக்காந்து முழுசா பிரிச்சேன்.

ஒரே லேப்ல எடுத்த சுகர் ரிப்போர்ட் ஒரு கட்டு, அதுல பாதி ஒரே ரிப்போர்ட்டோட டபுள் காப்பி. வீட்டுக்காரரோட பழைய எக்ஸ்ரே, அவரு போயிட்டாரு எக்ஸ்ரே மட்டும் இருக்கு, அத எடுத்து வெளிய வெக்க யாருக்கும் மனசு வரல, அது வேற விஷயம். மெடிக்கல் ஷாப் பில்லு எக்கச்சக்கம், எல்லாம் வெறும் வெள்ளத் தாளாயிடுச்சு. தெர்மல் பேப்பர் அப்படித்தான், சூடு பட்டா, நாளானா, பிளாஸ்டிக் கவர்ல போட்டு வெச்சா கூட எழுத்து மங்கிடும். கிளினிக்ல எடுக்குற ஈசிஜி துண்டும் பல எடத்துல அதே பேப்பர்தான், இவங்களோடது ரெண்டு ஈசிஜில ஒண்ணு மஞ்சளா பழுத்து கோடே தெரியல. இதுக்கு ஒரே வழி எடுத்த அன்னிக்கே ஜெராக்ஸ். லேமினேஷன் மட்டும் பண்ணவே பண்ணாதீங்க, சூட்டுல மொத்தமும் கறுப்பாயிடும்.

ஓபி சீட்டு பல ஆஸ்பத்திரியோடது, நாலா மடிச்சி மடிச்சி மடிப்புல கிழிஞ்சது. சுருட்டி ரப்பர் பேண்டு போட்ட கண் ஆஸ்பத்திரி காகிதம். ரப்பர் பேண்டு உருகி காகிதத்தோட ஒட்டிக்கிச்சி, இந்த ஊரு வெக்கைக்கு ரப்பர் பேண்டு ஆகாது.

கீழ ஈரம் பட்டு காஞ்சி அப்பளமா ஒட்டிக்கெடந்த ஒரு கத்தை. அது 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையோடது. அந்தத் தடவ கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கமெல்லாம் கீழ் வீட்டுக்குள்ள தண்ணி பூந்து நாள் கணக்கா நின்னுச்சு, பெரிம்மா மேல் போர்ஷனுக்கு போகும்போது ரேஷன் கார்டு, பாஸ்புக், வீட்டு வாடக அக்ரிமெண்ட் எல்லாம் எடுத்துட்டாங்க, ஆஸ்பத்திரிப் பைய மட்டும் கட்டிலுக்கு அடியிலயே விட்டுட்டாங்க. இத அவங்க சொன்னப்பதான் எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. பென்ஷன் காகிதத்துக்கு, ரேஷன் கார்டுக்கு ஒரு ஆபீஸ் இருக்கு, இல்லன்னா காசு வராது அரிசி வராதுன்னு ஒரு பயம் இருக்கு, அதனால அதுக்கு வீட்டுல ஒரு எடம் இருக்கு. ஆஸ்பத்திரி காகிதத்த மாசாமாசம் யாரும் கேக்குறதில்ல. கேக்குற அன்னிக்கு அவசரமா கேப்பாங்க.

அப்புறம் மாத்திரை. வெட்டுன ஸ்ட்ரிப்பு. நாலு மாத்திரை வேணும்னா கடக்காரர் கத்திரிக்கோலால வெட்டிக் குடுப்பாரு, பேரு ஒரு துண்டுல எக்ஸ்பைரி ஒரு துண்டுலன்னு போயிடும். பையில இருந்த துண்டுங்கள்ல மூணுல என்ன மருந்துன்னே தெரியல.

மாத்திரை எப்படி ரெண்டாச்சு

மூணு நாள் பேசிப் பேசி, மெடிக்கல் ஷாப்புல கேட்டு, பக்கத்து கிளினிக்ல கேட்டு, டாக்டர் கோர்த்த கதை இப்படி வந்துச்சு.

அரசு பக்கம் இருந்து பெரிம்மாவுக்கு ரொம்ப நாளா பிபிக்கு ஆம்லோடிபின் 5 மில்லிகிராம் வருது. நடுவுல ஒரு தடவ தலவலின்னு வீட்டுப் பக்கத்து கிளினிக் போயிருக்காங்க, பிபி ஏறியிருக்கு, அந்த டாக்டர் டெல்மிசார்டனும் ஆம்லோடிபினும் சேந்த ஒரே மாத்திரைய எழுதிக் குடுத்திருக்காரு. முன்னாடி என்ன போடுறீங்கன்னு அவரு கேட்டிருக்காரு, இவங்க "ஒரு வெள்ள மாத்திர, சின்னது"ன்னு சொல்லியிருக்காங்க. வெள்ளையா சின்னதா இருக்குற மாத்திரை இந்த நாட்டுல எத்தன ஆயிரம் இருக்கும். ஆக ஆம்லோடிபின் ரெண்டு பேர்ல உள்ள போகுது, 5-ம் 5-ம் பத்து.

அந்த மருந்து டோஸ் கூடுனா கணுக்கால் வீங்குறது தெரிஞ்ச விஷயம். வீங்குச்சு. கால் வீக்கத்துக்கு பெரிம்மா போனது மூணாவதா ஒரு டாக்டர் கிட்ட. அவரு அஞ்சு நாளைக்கு நீர் மாத்திரை எழுதுனாரு. அஞ்சு நாள்னு சீட்டுல தெளிவா இருந்துச்சு, அந்த சீட்டு பின்னாடி கெடச்சுது, சாமி படத்துக்குப் பின்னாடி இருந்து. ஆனா வீக்கம் வடிஞ்சது பெரிம்மாவுக்கு புடிச்சிடுச்சு, தீந்ததும் காலி ஸ்ட்ரிப்ப கொண்டு போயி கடையில நீட்டி "இதே குடுப்பா"ன்னு வாங்கிக்கிட்டாங்க, அப்படியே ரெண்டு மாசத்துக்கு மேல ஓடிடுச்சு. சீட்டு செய்ய வேண்டிய வேலைய ஸ்ட்ரிப்பு செஞ்சிடுச்சு, ஸ்ட்ரிப்புல "அஞ்சு நாள்"னு எழுதியிருக்காதே.

நீர் மாத்திரையால உப்பு எறங்கும், ராத்திரி அடிக்கடி எழுந்து போக வேண்டியும் வரும். ரெண்டும் சேந்துதான் அந்த ரெண்டு மணி. இதுல மூணு டாக்டர்ல யாரையும் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல, ஒவ்வொருத்தரும் அவங்க முன்னாடி இருந்தத வெச்சு சரியாத்தான் எழுதியிருக்காங்க, ஒருத்தர் எழுதுனது இன்னொருத்தர் கண்ணுக்குப் போகல, அவ்ளோதான்.

உப்ப மெதுவா ஏத்துனாங்க, வேகமா ஏத்தக் கூடாதாம், மூளைக்கு ஆபத்துன்னாங்க. நீர் மாத்திரை நிறுத்தம், தனி ஆம்லோடிபின் நிறுத்தம், சேந்த மாத்திரை மட்டும் காலையில ஒண்ணு. டிஸ்சார்ஜ் ஆகி கொஞ்ச வாரத்துல கால் வீக்கமும் தானா வடிஞ்சிடுச்சு.

பையன் வாங்குன ஃபைல்

விஷயம் தெரிஞ்சி அண்ணன் லீவு போட்டு பஹ்ரைன்ல இருந்து வந்துட்டான். வந்தவன் பாரிமுனைக்கு போயி அக்கார்டியன் மாதிரி விரியுற பெரிய ஃபைல் ஒண்ணு வாங்கியாந்து, ஒவ்வொரு அறைக்கும் இங்கிலீஷ்ல லேபிள் ஒட்டி, ஆஸ்பத்திரி வாரியா, வருஷ வாரியா அடுக்குனான். பாக்க ஆசையா இருந்துச்சு. வாட்ஸ்அப்ல "அம்மா ஹெல்த்"னு ஒரு குரூப்பும் ஆரம்பிச்சி எல்லாத்தையும் போட்டோ எடுத்து போட்டான்.

அவன் ஃபிளைட் ஏறுன பத்தாவது நாளு பெரிம்மா மறுபடி மஞ்சப்பைக்கு வந்துட்டாங்க. ஏன்னு கேட்டேன். "அது கனமா இருக்குடி, பஸ்ல எப்படி தூக்கினு போறது. பீரோல பூட்டி வெச்சிருக்கேன்." இங்கிலீஷ் லேபிள் அவங்களுக்கு படிக்க வராது, தமிழ் பேப்பர் தலைப்பு எல்லாம் படிப்பாங்க. எந்த வருஷம் எந்த ஆஸ்பத்திரின்னு அவங்க ஞாபகம் வெச்சுக்கறதும் இல்ல, "அந்தக் கால்வலிக்கு போனமே அது", "தங்கச்சி பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்தது", இப்படித்தான் அவங்க மனசுல காகிதம் அடுக்கியிருக்கு. குரூப்ல கொஞ்ச நாள்ல குட்மார்னிங் ரோஜாப்பூவும் சாமி படமும் வந்து ரிப்போர்ட்ட மூடிடுச்சு, பழைய போட்டோ சிலத தொட்டா டவுன்லோட் ஆக மாட்டேங்குது, அந்தந்த போன்ல அப்பவே எறக்கி வெக்கலன்னா வாட்ஸ்அப்ல அப்படித்தான்.

ஃபைல் கெட்டதுன்னு சொல்லல. அது அண்ணனுக்கு நிம்மதி குடுத்துச்சு, தூரத்துல இருக்குற புள்ளைக்கு அது தேவதான். பெரிம்மாவுக்கு உதவல.

யாரு கேப்பாங்க

எங்க டெஸ்க்ல நான் பாத்து கத்துக்கிட்டது ஒண்ணு இருக்கு, காகிதத்த அது எங்க இருந்து வந்துச்சுன்னு பிரிச்சா நமக்கு அழகு, அத நாளைக்கு யாரு கேப்பாங்கன்னு பிரிச்சா நமக்கு உபயோகம். அப்படி ஒரு ஞாயித்துக்கெழம, ஃபேன நிறுத்திட்டு (ஃபேன் ஓடுனா காகிதம் அடுக்கவே முடியாது, இந்த ஊரு வேர்வையில ஃபேன் இல்லாம உக்காரவும் முடியாது, கஷ்டம்தான்), பாய் விரிச்சி பெரிம்மாவயும் மேல் வீட்டு அண்ணியயும் உக்கார வெச்சி ஒவ்வொரு காகிதமா கையில எடுத்து "இத யாரு கேப்பாங்க பெரிம்மா"ன்னு கேட்டுக் கேட்டு போட்டோம். முடிவு அவங்களோடது. நான் தூக்கிப் போடலாம்னு சொன்னத சிலத அவங்க விடல, சரின்னுட்டேன்.

வழக்கமா பாக்குற டாக்டர் கேப்பாங்கன்னு ஒரு குவியல் வந்துச்சு: கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி, இப்ப ஓடுற மாத்திரை சீட்டு, கடைசி ரெண்டு மூணு ரத்த ரிப்போர்ட், கடைசி ஈசிஜி ஜெராக்ஸோட. அவ்ளோதான், மெல்லிசான பை. மூணு வருஷத்துக்கு முந்தின சாப்பாட்டுக்கு முன் சாப்பாட்டுக்குப் பின் சுகர் ரிப்போர்ட்ட எந்த டாக்டரும் கேக்க மாட்டாரு, வேணும்னா அந்த நம்பர ஒரு நாப்பது பக்க நோட்டுல தேதி போட்டு வரிசையா எழுதிட்டு காகிதத்த விட்டுடலாம், அப்படித்தான் செஞ்சோம். வரிசையா பாக்கறப்பதான் சுகர் ஏறுதா எறங்குதான்னே தெரியுது, தனித்தனி ரிப்போர்ட்ல அது தெரியாது. பழைய மாத்திரை சீட்டுல குறுக்கால ஒரு பெரிய கோடு போட்டு "நிறுத்தியாச்சு"ன்னு எழுதி வேற கவர்ல போட்டோம். அந்தக் கோடு முக்கியம். கோடு போடாத பழைய சீட்டு உயிரோட இருக்குற சீட்டு, அவசரத்துல அதையே காமிச்சி மாத்திரை வாங்கிடுவாங்க.

என்னிக்கும் தூக்கிப் போடக் கூடாததுன்னு இன்னொரு குவியல். எல்லா டிஸ்சார்ஜ் சம்மரியும், ஆபரேஷன் குறிப்பும், பயாப்ஸி (சதைய துளி எடுத்து பண்ற டெஸ்ட்) ரிப்போர்ட் எதாவது இருந்தா அதுவும், உடம்புக்குள்ள வெச்ச எந்தப் பொருளோட ஸ்டிக்கரும். கண்ணுல புரை எடுத்தா வெக்கிற லென்ஸுக்கு ஒரு சின்ன ஸ்டிக்கர் குடுப்பாங்க, பவர் எல்லாம் போட்டிருக்கும், பெரிம்மா அத பாலிதீன் கவர்ல சுத்தி குங்குமச் சிமிழ்ல வெச்சிருந்தாங்க. ஸ்டென்ட் வெச்சவங்களுக்கு கார்டு குடுப்பாங்க, அதுவும் இதே மாதிரி. எக்ஸ்ரே ஃபிலிம மடிக்காம மெத்தைக்கு அடியில நீட்டி வெச்சா போதும், டாக்டர் அவசரத்துக்கு பாக்குறது கூட வர்ற ரிப்போர்ட்டத்தான், அது தனியா போயிடாம கிளிப் போட்டு வைங்க.

மூணாவது, காசு விஷயமா கேக்குற எடம். இதுல என் அனுபவம் கொஞ்சம் நெறைய, அதனால நீட்டிடறேன், மன்னிச்சிக்கோங்க. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட கார்டு, வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்குற குடும்பத்துக்கு, குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும். பெரிம்மா வீட்டு கார்டு பெரியப்பா பேர்ல இருந்துச்சு, அவரு போனப்புறம் ஸ்மார்ட் கார்டுல பேர் எடுத்தாச்சு, இதுல யாரும் கை வெக்கல. இந்த மாதிரி விஷயத்த சும்மா இருக்குற நாள்ல ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸ்ல போயி சரி பண்ணிடணும், அட்மிஷன் போட்ட அன்னிக்கு இல்ல. அடுத்து இனிஷியல். கல்யாணத்துக்கு முன்னாடி அப்பா இனிஷியல், அப்புறம் வீட்டுக்காரர் இனிஷியல், ஆதார்ல ஒண்ணு பாஸ்புக்ல ஒண்ணு, லேப்ல ரெண்டு பேர்லயும் ரெண்டு நம்பர் போட்டு ஒரே ஆள ரெண்டு ஆளாக்கி வெச்சிருந்தாங்க. க்ளெய்ம் நிக்கறதுல பாதி இந்த ஒத்த எழுத்தாலதான்னு எங்க டெஸ்க்ல யாரக் கேட்டாலும் சொல்வாங்க. எங்க போனாலும் இனிமே ஆதார்ல இருக்குற மாதிரிதான் பேரு சொல்லணும்னு பெரிம்மா கிட்ட முடிவா சொல்லியாச்சு, வயசும்தான், ஏன்னா ஒரு ரிப்போர்ட்ல 68, அடுத்த மாச ரிப்போர்ட்ல 76.

தனியார் மெடிக்ளெய்ம் இருக்குறவங்களுக்கு ஒண்ணு. காசு கட்டிட்டு அப்புறம் கேக்குற க்ளெய்ம்னா ஒரிஜினல் டிஸ்சார்ஜ் சம்மரி, ஃபைனல் பில், அதோட விவரமான பிரிப்பு, கட்டுன ரசீது, மருந்து பில்லோட அதுக்கான சீட்டு, டெஸ்ட் ரிப்போர்ட்டோட அத எழுதுன சீட்டு, கேன்சல் பண்ண செக் எல்லாம் கேப்பாங்க, க்ளெய்ம் ஃபார்ம்ல ஒரு பகுதி நீங்க நிரப்பணும், இன்னொரு பகுதி ஆஸ்பத்திரி நிரப்பணும். ஒரிஜினல் அங்க போயிடும். அதனால அனுப்பறதுக்கு முன்னாடி முழு செட் ஜெராக்ஸ், கலர்ல இல்லன்னாலும் பரவால்ல.

மூணு குவியலுக்கும் மூணு துணிக்கடை பை, எல்லாம் வீட்டுல இருந்ததுதான். மஞ்சப்பை ஆஸ்பத்திரிக்கு, பச்சை காசு கேக்குற எடத்துக்கு, வெள்ளை என்னிக்கும் வெக்கிறதுக்கு. உள்ள ஜிப் கவர். மூணும் இப்ப லாஃப்ட்டுக்கு கீழ உயரமான ஆணில, கட்டிலுக்கு அடியில இனி எதுவும் கெடையாது.

காலண்டருக்குப் பின்னாடி

நாலாவதா கேக்குறவங்கதான் இந்த கேஸ்ல முக்கியமான ஆளு. ராத்திரி வர்ற, பெரிம்மாவ முன்னபின்ன தெரியாத ஆளு. ஆம்புலன்ஸ்ல வர்ற தம்பியோ டூட்டி டாக்டரோ. அவங்களுக்கு பை வேணாம், ஒரே ஒரு பேப்பர் போதும், ரெண்டு நிமிஷத்துல படிச்சி முடிக்கணும்.

அதுல மேல பேரு, வயசு, தேதி. தேதி இல்லாத பேப்பர எந்த டாக்டரும் நம்ப மாட்டாரு, நம்பவும் கூடாது. என்னென்ன வியாதி, எத்தன வருஷமா. ஆபரேஷன். ஒத்துக்காத மருந்து. பெரிம்மாவுக்கு சல்ஃபா மருந்து போட்டு உடம்பெல்லாம் தடிச்சிருக்கு, இது எந்தக் காகிதத்துலயும் இல்ல, அவங்க வாயில மட்டும் இருந்துச்சு, நெனச்சா பயமா இருக்கு. அப்புறம் மாத்திரை, கம்பெனி பேர் இல்ல, உள்ள இருக்குற மருந்தோட பேரு, மில்லிகிராமோட, எந்த வேளைக்கு, எதுக்கு, யாரு குடுத்தது. மருந்து பேர மட்டும் இங்கிலீஷ்ல பெரிய எழுத்துல, மத்தது தமிழ்ல, அப்பதான் டாக்டரும் படிக்கலாம் பெரிம்மாவும் படிக்கலாம். கம்பெனி பேர் வேணாம்னதுக்கு காரணம் இருக்கு, இப்ப ஜன் ஔஷதி கடை, 2025 பிப்ரவரில தெறந்த முதல்வர் மருந்தகம்னு கம்மி வெலைக்கு ஜெனரிக் மருந்து வாங்க எடம் கூடியிருக்கு, நல்லதுதான், ஆனா அதே மருந்து வேற பேர்ல வேற கலர்ல வரும், பெரியவங்க அத புது மாத்திரைன்னு நெனச்சி பழசோட சேத்து போட்டுக்குவாங்க. ஸ்ட்ரிப்புல பெருசா இருக்குற பேருக்குக் கீழ பொடி எழுத்துல இருக்குற பேர ஒப்பிட்டுப் பாத்தாதான் தெரியும்.

பேப்பர்ல நான் சேக்கச் சொல்லி, எல்லாரும் எதுக்குன்னு கேட்ட ஒரு வரி: "நிறுத்துன மாத்திரை". நீர் மாத்திரை, தேதி, ஏன் நிறுத்துனாங்க, உப்பு கொறைஞ்சுது. தனி ஆம்லோடிபின், தேதி, ஏன். போடுறது எதுன்னு தெரிஞ்சா மட்டும் போதாது, அடுத்த டாக்டர் அதே நீர் மாத்திரைய மறுபடி எழுதாம இருக்க இந்த வரிதான் தடுக்கும். ரத்த வகைய போடணும்னு அண்ணன் ரொம்ப புடிவாதம் புடிச்சான், போட்டோம், ஆனா ரத்தம் ஏத்தறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரி மறுபடி டெஸ்ட் பண்ணித்தான் ஏத்தும், பேப்பர நம்பி ஏத்த மாட்டாங்க, அதனால எடம் பத்தலன்னா மொதல்ல அத எடுத்துடலாம்.

எங்க வெக்கிறது? கதவுல ஒட்டலாம்னேன். பெரிம்மாவுக்கு கோவம் வந்துடுச்சு. "இன்னாடி, வர்றவ போறவ எல்லாம் என் வியாதிய படிக்கணுமா? சீட்டுக்காரி பாத்தா அடுத்த மாசமே சீட்டுல இருந்து என்னிய கழட்டி விட்டுடுவா." அவங்க சொன்னதுல நியாயம் இருக்கு. தனியா இருக்குற பொம்பளைக்கு நோயாளின்னு பேரு வந்தா தெருவுல நடத்துற விதமே மாறிடும். கடைசில அவங்களே எடம் சொன்னாங்க. வாசலுக்குப் பக்கத்துல தெனம் கிழிக்கிற தேதி காலண்டர், அதே ஆணில பின்னாடி ஒரு கவர், வெளிய "ஆஸ்பத்திரி சீட்டு"ன்னு மட்டும் எழுதியிருக்கும். மேல் வீட்டு அண்ணிக்கும் எதிர்வீட்டு ஆட்டோக்கார அண்ணனுக்கும் தெரியும். ஒரு ஜெராக்ஸ் சுருக்குப்பையில, ஒண்ணு மஞ்சப்பையில, ஒண்ணு அண்ணன் கிட்ட, ஒண்ணு எங்கிட்ட.

மாத்தி எழுதறது யாருங்கறதுதான் நெசமான கஷ்டம். அடிச்சி அடிச்சி எழுதுனா கொழம்பும், மாத்திரை மாறுனா புதுப் பேப்பர், பழசு அத்தனையும் கிழிச்சிப் போடணும். அண்ணியோட பொண்ணு காலேஜ் படிக்குது, அது போன்லயே டைப் பண்ணி வெச்சிருக்கு, மாறுனா திருத்தி பிரிண்ட் எடுத்து குடுக்குது, பெரிம்மா அதுக்கு மீன் கொழம்பு குடுக்குறாங்க. இந்த ஏற்பாடு அந்தப் பொண்ணு கல்யாணம் ஆகிப் போற வரைக்கும் ஓடும்.

ஆறு மாசம் கழிச்சி

எல்லாம் ஒழுங்காயிடுச்சுன்னு சொன்னா பொய். தனி ஆம்லோடிபின் நிறுத்தியாச்சுன்னு பேப்பர்ல இருக்கு, ஆனா அரசு பக்கம் இருந்து மாசாமாசம் அது வந்துட்டுதான் இருந்துச்சு, பெரிம்மா வாங்கி பிஸ்கட் டப்பாவுல சேத்துக்கிட்டே இருந்தாங்க. "சும்மா குடுக்குறத எதுக்கு வேணாம்னு சொல்லணும், யாருக்காவது ஆகும்." டப்பாவ பாத்தப்ப எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. டிஸ்சார்ஜ் சம்மரி ஜெராக்ஸோட போயி, மாத்திரை குடுக்குறவங்க ரெஜிஸ்டர்ல மாத்தி எழுதச் சொன்னப்புறம்தான் நின்னுச்சு. நிறுத்துற விஷயத்த வீட்டு பேப்பர்ல எழுதுனா பத்தாது, குடுக்குற எடத்துல இருக்குற காகிதத்துலயும் மாறணும். வெட்டுன ஸ்ட்ரிப்பு வாங்கறதில்லன்னு முடிவு பண்ணிட்டாங்க, பத்து பத்தாத்தான் வாங்குறாங்க, கடக்காரர் கொஞ்சம் மொறைக்கிறாராம். மெடிக்கல் ஷாப் பில்லு மட்டும் இன்னமும் சாமி படத்துக்குப் பின்னாடிதான் போகுது, அத நான் கேக்கறத விட்டுட்டேன்.

ரெண்டாவது கண்ணுக்கு புரை எடுக்கப் போனப்ப இந்தப் பேப்பர் மொத தடவையா வேல செஞ்சுது. ஆபரேஷனுக்கு முன்னாடி நர்ஸ் கேள்வி கேக்க ஆரம்பிச்சதும் பெரிம்மா சுருக்குப்பையில இருந்து எடுத்து நீட்டிட்டாங்க, குங்குமச் சிமிழ் ஸ்டிக்கரும் கூடவே. சல்ஃபா வரிய பாத்துட்டு நர்ஸ் கேஸ் ஷீட்ல செவப்பு இங்க்ல எழுதுனாங்களாம், அத பெரிம்மா எனக்கு போன் பண்ணி ரெண்டு தடவ சொன்னாங்க.

பாக்கி நின்னது பித்தப்பை ஆபரேஷன். மழையில ஒட்டுன கத்தையில அந்த டிஸ்சார்ஜ் சம்மரியும் போயிடுச்சு. டாக்டர்களுக்கான 2002 விதிப்படி உள்நோயாளி ரெக்கார்ட மூணு வருஷம் வெச்சிருக்கணும், கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள குடுக்கணும். ஐபி நம்பரோ (உள்நோயாளி நம்பர்), அட்மிட் ஆன தேதியோ இருந்தா மெடிக்கல் ரெக்கார்ட்ஸ்ல ஒரு லெட்டர் எழுதிக் குடுத்து காப்பி வாங்கிடலாம், சமீபத்துல நடந்ததா இருந்தா தள்ளிப் போடாம போயி வாங்கிடுங்க. இவங்களோடது 2016, அந்த ஆஸ்பத்திரில இல்லன்னுட்டாங்க, அவங்க வெச்சிருக்க வேண்டிய காலமும் எப்பவோ தாண்டிடுச்சு. பேப்பர்ல "வாய்மொழி, காகிதம் இல்ல"ன்னு எழுதலாம்னு இருந்தப்ப அண்ணி பொண்ணுதான் மஞ்சப்பையில இருந்த போன வருஷத்து வயித்து ஸ்கேன் ரிப்போர்ட்ட எடுத்து காமிச்சுது, பித்தப்பை ஆபரேஷன்ல எடுத்தாச்சுன்னு அதுல ஒரு வரி இருந்துச்சு. அந்த ஸ்கேன மஞ்சப்பையில இருந்து எடுத்து வெள்ளப் பைக்கு மாத்தியாச்சு.